வின்சனுக்கு இல்லாத நொதியம்

வின்சனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் கை நடுங்கி, கால் இழுத்து, கிழவனைப் போல நடந்தான். குடி என்றது முள்ளிவாய்க்கால் ஊர், செய்வினை என்றது. ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது? அவன் சாராயத்தை மோந்தும் பார்த்தவனில்லை. அவனுக்குச் சோறு குழைத்து வாயில் தீத்துவதும் இடுப்பில் சாரம் கட்டிவிடுவதும் தங்கை கலிஸ்ராவின் பாடு. செய்து செய்து அவளுக்குக் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை; கை தன் பாட்டில் செய்தது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த டொக்டர் ஒருவர் போன வருடம் வின்சனின் இரத்தத்தைச் சோதிக்கக் கொண்டுபோயிருந்தார். 2001 மாசியில் அவர் புதுக்குடியிருப்புக்குத் திரும்பவும் வந்தபோது கலிஸ்ரா போய்க் கேட்டாள்.

“எங்கட உடம்புக் கலங்களுக்குள்ள பழுதாப்போற புரதங்கள் இருக்கு, தங்கச்சி. அதில யுபிகுயிற்றின் எண்டொரு சின்னப் புரதத்தை ஒட்டிவிட நொதியங்கள் இருக்கு. ஒட்டினாத்தான் கழிவெண்டு தெரிஞ்சு கலம் அதை அழிக்கும். மீன் பிரிக்கேக்க பழுதைத் தெரிஞ்செறியிற ஆளைப் போல. அப்பிடியொரு நொதியம் அண்ணாவுக்கு வேலை செய்யேல்லை. அதாலதான் மூளையில நரம்புக் கலங்கள் சாகுதெண்டு நினைக்கினம்.”

“மருந்து?”

“குளிசை நடுக்கத்தைக் குறைக்கும். நோய் மாறாது.”

இராணுவத்தின் மருந்துத் தடையில் அந்தக் குளிசையும் வவுனியா தாண்டி வருவது குதிரைக் கொம்பு.

“அப்பாவும் அம்மாவும் சொந்தமோ?”

“ஓம் டொக்டர். மச்சானும் மச்சாளும்.”

“ரெண்டு பேரிட்டையும் ஒவ்வொரு பழுதான மரபணு இருந்து, ரெண்டும் அண்ணாவுக்கு வந்திட்டுது. உங்களிட்டையும் ஒண்டு இருக்கலாம். சொந்தத்துக்குள்ள கட்டாதேங்கோ, பிள்ளைக்கும் இப்பிடி வரலாம்.”

அடக் கடவுளே, அதை இப்போதா சொல்வது! மாமா மகன் ஸ்ரனிஸ்லசுக்கும் அவளுக்கும் கலியாணம் பேசி, சொந்தம் என்பதால் ஆயரின் அனுமதியும் வாங்கி, கோயிலில் அறிவித்தலும் வாசித்தாயிற்று. கலிஸ்ராவுக்கு எதுவும் தோன்றவில்லை. டொக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

“ஆயரே அனுமதி தந்திட்டார், தடுக்க இவர் ஆர்?” என்று, வீட்டில் அவள் சொன்னதைக் கேட்டதும் தாய் சுசிலா பாய்ந்தாள். “வம்சம் வம்சமா நாங்கள் மச்சானைத்தான் கட்டினனாங்கள்!”

அடுத்த நாள் பின்னேரம் கலிஸ்ரா கடற்கரைக்குப் போனாள். வலை இழுத்து முடித்தவர்கள் போய்விட்டார்கள். ஸ்ரனிஸ்லஸ் மட்டும் வள்ளத்தடியில் தனியே இருந்தான். வலது கால் விரல்கள் உள்ளே மடங்கிக் கிடக்க, இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சாரத்தை இழுத்து மூடினான். வின்சனுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

“எப்பயிருந்து?”

“ஆவணியில இருந்து. வேலை செய்தா மடங்கும், படுத்தெழும்பினா சரி.”

டொக்டர் சொன்னதை அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள். அவனுடைய தாய் தகப்பனும் சொந்தம்தான்.

“அப்ப எனக்கும் வின்சன் மச்சானைப் போலதான்.”

“டொக்டரிட்டைக் காட்டினாத்தான் தெரியும்.”

அவன் கடலைப் பார்த்தான். “கலிஸ்ரா, கலியாணம் வேண்டாமெண்டு நீ சொல்லு. நான் சொன்னா ஏனெண்டு கேப்பினம், என்ர காலும் தெரியவரும்.”

“ஓம்,” என்றாள்.

ஒரு மூச்சுக்கூட யோசிக்கவில்லை. இன்னொருவனுக்கும் ஆயுள் முழுக்கச் சோறு தீத்தத் தேவையில்லை என்ற ஆறுதல்தான் அவளுக்கு முதலில் வந்தது. பச்சைச் சுயநலம், வேறென்ன! அந்த ‘ஓம்’ எவ்வளவு சுறுக்காக வந்தது என்பதை அவனும் கண்டான்.

“வீட்டை போ,” என்றான். “வின்சன் மச்சான் சாப்பிடாமல் இருப்பான்.”