டெல்மிராவுக்கு எடுத்து வைத்த ரத்தம்

"திறம்மா அந்தப் பெட்டிய!" என்று செனோன் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே, அவனுக்கென்ன! வார்டுக்குள்ளே சாகக் கிடப்பது அவன் அக்கா.

நர்ஸ் ருஃபினா இரண்டு கையையும் விரித்துக் குளிர்பெட்டியை மறித்து நின்றாள். கண்ணாடிக் கதவுக்குள் அவன் நேற்று மதியம் கொடுத்த ரத்தம் தெரிந்தது. கொடுக்கும்போது சிவப்பாகத்தான் இருந்தது. இப்போதோ ஊதாச் சோளத்தை வேகவைத்து இறக்கிய கஞ்சி மாதிரி கறுத்துக் கிடந்தது. பையின் மேல் டெல்மிரா என்று அக்காவின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள்.

"பிள்ளைங்க வாய்ப்புண்ணுக்குத் தடவுற மருந்தைக் கொண்டுபோய் என் ரத்தத்துல ஊத்தியிருக்கீங்களே, இது நியாயமா?"

"உன் ரத்தம்னு இல்லப்பா. இந்தப் பள்ளத்தாக்குல யார் குடுத்தாலும் ஊத்துவோம். மண்சுவத்துப் பொந்துல இருக்குற வின்சுகா பூச்சி கடிக்காத ஆள் இங்க யாரு? அது விடுற கிருமிய இந்த ஊதாச் சாயந்தான் கொல்லும். அதுக்கு ஒரு முழு நாள் குளிர்ல கிடக்கணும். மதியம் வரைக்கும் பொறு."

"எருதாட்டம் இருக்கேன், எனக்கு என்ன கிருமி?"

"எங்கப்பாவும் எருதாட்டந்தான் இருந்தாரு." பெஞ்சிலிருந்து இலாரியோன் சொன்னார். டெல்மிராவின் புருஷன். விடிந்ததிலிருந்து கோக்கா இலையை வாயில் ஒதுக்கிக்கொண்டு சுவரையே பார்த்திருந்தவர். "ஏர் பிடிச்சுக்கிட்டே விழுந்தாரு. இதயம் வீங்கிப் போச்சுன்னாங்க. அந்தப் பூச்சிதான்."

"மச்சான், அது இருபது வருஷம் கழிச்சு வர்ற சாவு! இது இப்ப வாசல்ல நிக்குது!"

வயிற்றுப் புண் வெடித்து டெல்மிரா முந்தாநாள் முதல் ரத்தமாக வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொருந்துகிற ரத்தம் ஊரில் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை. இப்போதே ஏற்றுவதா, காத்திருப்பதா என்று புருஷன்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் கைகழுவிவிட்டார்.

"மதியம் வரைக்கும் தாங்குவா," என்றார் இலாரியோன்.

செனோன் அக்காவின் கட்டிலுக்குப் போனான். முகம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்திருந்தது.

"டேய், நீங்க கத்துற கத்துலயே எனக்குப் பாதி உசுரு போயிடும்போல," என்றாள். பிறகு, "உன் ரத்தம் ஏறுனா உதடெல்லாம் ஊதா ஆயிடுமாமே? இந்தத் திருவிழாவுக்கு எனக்கு வேஷமே வேண்டாம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அவள் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கினான், அவை சூடாகவே இல்லை. சூரியன் உச்சிக்கு ஏறுமுன்பே அவள் போய்விட்டாள்.

இலாரியோன் அழவில்லை. டெல்மிராவின் தொப்பி, சீப்பு, போர்வை எல்லாவற்றையும் ஒரு துணியில் மூட்டை கட்டினார். எழுந்து வந்து ருஃபினாவிடம் கையை நீட்டினார்.

"அந்தப் பையையும் குடுங்க."

"எதுக்குய்யா?"

"சவப்பெட்டியில வைக்க. அவ பேர் போட்டிருக்கு. அவளோடத விட்டுட்டு அனுப்பினா தேடிக்கிட்டு வருவா. வாசல்ல வந்து நின்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

ருஃபினாவும் அதே ஊர்க்காரிதான். அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். "பக்கத்து வார்டுல ஒருத்திக்குப் பிரசவத்துல ரத்தமெல்லாம் போயிடுச்சுய்யா. அவளுக்கும் இதே ரத்தந்தான் சேரும்..." என்று இழுத்தாள். ஆனால் அவள் கை அதற்குள் கதவைத் திறந்துவிட்டது.

செனோனுக்கு ஆத்திரம் பொங்கியது. காத்திருக்கச் சொல்லிக் கொன்றுவிட்டு இப்போது பெட்டியில் வைக்கிறானாம்! மறு நிமிஷமே, வைக்கட்டும் என்றும் தோன்றியது. தன்னுடையது ஏதோ ஒன்று அக்காவோடு போகட்டுமே. அப்படியாவது கொடுத்தேன் என்று இருக்குமே. அதைத்தான் அவன் மனசு கெஞ்சியது.

பை இலாரியோன் கைக்குப் போகும் நேரத்தில் அவன் குறுக்கே வந்தான்.

"அது அக்காவோடது இல்ல, மச்சான்."

"பேரைப் பாருடா."

"பேர் இருந்தா ஆச்சா? ஒரு சொட்டுகூட அவளுக்குள்ள போகல. போயிருந்தாத்தானே அவளோடது?" பையின் மேல் கையை வைத்துக்கொண்டான். "அவளுக்கு நான் ஒண்ணும் குடுக்கல. இது இன்னும் என்னோடதுதான். தேடி வந்தா எங்கிட்ட வரட்டும்."

இலாரியோன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நான்தானேடா பொறுக்கச் சொன்னேன்," என்று வாய்விட்டு அழுதார். செனோன் பையை ருஃபினா பக்கமே தள்ளிவிட்டான். மச்சானின் பக்கத்தில் அவன் உட்காரவில்லை.

ருஃபினா பெயர்ச் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். மதிய மணி அடிக்கும்வரை பையைக் குளிரிலேயே வைத்திருந்தாள்.

வெளியே லாரியில் டெல்மிராவை ஏற்றியாகிவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். செனோன் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வார்டு ஜன்னலில் நின்றான். குழாய் வழியே ஊதா நிறம் மெல்ல இறங்கி யாரோ ஒருத்தியின் கைக்குள் போய்க்கொண்டிருந்தது. மறுபடி ஹாரன் கேட்டது. அவள் பெயரை அவன் யாரிடமும் கேட்கவில்லை.