மாக்ரெட் அன்ரி ஒத்துக்கொண்ட முகம்

இந்த வேலையை ஏன்தான் ஏற்றோமோ என்று பிறிஜெற்றுக்கு ஆகிவிட்டது. பகல் முழுக்க வெள்ளவத்தை விளம்பரக் கந்தோரில் சவர்க்காரத்துக்கும் சேலைக் கடைக்கும் படம் கீறிவிட்டு, பஸ்ஸில் நசிபட்டு, செக் பொயின்ற்றில் இறங்கி ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தால், எதிர்வீட்டு மாக்ரெட் அன்ரி வாசலில் காத்துக்கொண்டு நிற்பார்.

"இண்டைக்கு அவற்றை மூக்கைப் பாப்பமா, பிள்ளை?"

'அவர்' என்றால் அன்ரியின் புருஷன் ஒஸ்வால்ட். லொறி மெக்கானிக். கொலன்னாவையில் எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த அன்று அங்கே வேலையாகப் போயிருந்தவர். சவப்பெட்டி வீட்டுக்கு வந்தபோது மூடி ஆணி அடித்தே வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கலியாணப் படங்கள் எண்பத்து மூன்று கலவரத்திலேயே வீட்டோடு எரிந்து போயிருந்தன. அதற்குப் பிறகு மனுசன் கமராவைக் கண்டாலே ஓட்டம். அடையாள அட்டையில் இருந்த ஒரே படமும் சட்டைப்பையில் கிடந்து அவரோடு போயிற்று. பிறிஜெற் இந்த வரிசை வீட்டுக்குக் குடிவந்தது பிறகுதான். அவள் அவரைக் கண்டதேயில்லை. ஆக, ஒஸ்வால்டின் முகம் இந்த உலகத்தில் அன்ரியின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

அதுவும் அழியத் தொடங்கியிருந்தது. "நேற்று யோசிச்சுப் பாத்தன், அவற்றை முகம் பாதிதான் வந்தது. பயந்து போனன், பிள்ளை. முழுக்க அழிய முந்தி அவரைக் கீறித் தா" என்று அன்ரி சொன்ன பிறகு மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பெயின்ற் வாங்கப் போனால் அது வேறு கூத்து. வெள்ளவத்தையில் கொப்பி, தூரிகை விற்கும் ஹமீட் நானா, "ஒயில் எடுங்க தங்கச்சி, நம்ம காலத்துக்குப் பிறகும் நிக்கும்" என்றார்.

"அது காய முந்தி அன்ரி என்னைக் கொன்றுபோடுவா, நானா."

போத்தலில் வரும் போஸ்டர் கலர் மலிவு. காய்ந்தால் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். வாட்டர் கலர் கீழே கிடக்கும் பிழையை மறைக்காது. கடைசியில் கந்தோரில் கைபழகிய, தண்ணீரில் கரையும் குவாஷ் சாய ரியூப்களையே எடுத்தாள். பிழைத்தால் மேலே பூசி மூடலாம், காய்ந்த பின்னும் ஈரத் தூரிகையால் தடவித் துடைத்தெடுக்கலாம். மாக்ரெட் அன்ரியை மனதில் வைத்தே யாரோ கண்டுபிடித்த சாமான் போலும்!

ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம். கன்னத்துக்கு மண்ணிறம் பூசிய கையோடு அன்ரி, "ஐயோ, அச்சொட்டா அவர்தான்!" என்று நெஞ்சில் கைவைப்பார். அரைக் கோப்பைத் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் நிறம் வெளுத்துவிடும். "இதென்ன, கந்தோர்க் கிளாக்கர் மாதிரி நிக்கிறார்? வெயிலுக்கை நிண்டு கறுத்த மனுசன் பிள்ளை அவர்!" பிறகு பிறிஜெற் ஒவ்வொரு நிறத்தையும் துண்டுக் கடதாசியில் பூசிக் காயவிட்டுத்தான் முகத்தில் வைத்தாள். காது பெருத்தது, சிறுத்தது. நாடி அகன்றது, ஒடுங்கியது. பொறுமை போய்த் தூரிகையை எறிந்த நாளும் உண்டு. அன்று அன்ரியே அதைப் பொறுக்கி, கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, கீழ் உதட்டுக்கு அடியில் நிழலாக ஒரு கோடு வைத்தாள். காய்ந்தது. அன்ரி சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "வந்திட்டார்" என்றார் மெல்ல. பிறிஜெற்றுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கே கண்ணாடி போட்டுப் பிறேம் அடிப்பம், அன்ரி."

"நினைவு நாளுக்குப் பாதர் வந்து மந்திரிக்க முந்தியோ? கண்ணாடிக்கு மேல தீர்த்தம் பட்டால் கண்ணாடிக்குத்தானே ஆசீர்வாதம்?"

"அன்ரி, இதிலை தண்ணி பட்டால் எல்லாம் போச்சு!"

"பைப் தண்ணியெண்டால் சரி. இது தீர்த்தமெல்லோ, கெடுக்குமோ?"

தண்ணி பிடிக்காமல் வார்னிஷ் பூசலாம்தான், பூசினால் நிறம் இருண்டு, ஒஸ்வால்ட் திரும்பவும் வேறு யாரோ ஆகிவிடுவார். பிறிஜெற் களவாகப் போய்ப் பாதரிடம் முறையிட்டாள். அவர் சிரித்து, "பயப்பிடாதை, பின்பக்கத்திலை தெளிக்கிறன்" என்றார்.

ஆண்டு நினைவு நாளன்று பாதர் சொன்னபடியே படத்தைத் திருப்பிப் பிடித்துத் தெளித்தார். அன்ரியா விடுகிற ஆள்?

"என்ன பாதர், முதுகுக்கோ ஆசீர்வாதம்?"

படத்தைப் பறித்து முகத்தைத் திருப்பி நீட்டினார். பாதர் பிறிஜெற்றைப் பாவமாகப் பார்த்துவிட்டு, விரல் நுனியை மட்டும் நனைத்து உதறினார். ஒரு துளி நெற்றியில் விழுந்தது. விழுந்து மெல்லக் கண்ணருகே இறங்கியது.

அன்ரியின் கை தானாகப் போயிற்று. வேலையால் வந்த மனுசனுக்கு வியர்வை துடைக்கிறமாதிரி, வெள்ளைச் சேலைத் தலைப்பால் நெற்றியிலிருந்து நாடிவரை அழுத்தித் துடைத்தார்.

"அன்ரீ!" என்று பிறிஜெற் கத்தினாள். ஒரு கண்ணும் பாதி வாயும் போய்விட்டன.

அன்ரி தலைப்பைப் பார்த்தார். அதில் மண்ணிறம் அப்பியிருந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். செத்தவீட்டில்கூட அழாத மனுசி என்று வரிசை முழுக்கக் கதை.

"முகத்தை ஒருக்காத் துடைச்சு விடுறன் எண்டு கெஞ்சினனான், பாதர். பெட்டியைத் திறக்க விடேல்லை. ஒருத்தரும் விடேல்லை."

பிறகு அழுதார். அயல்வீடுகளெல்லாம் வாசலுக்கு வர, குரல் எடுத்து அழுதார். பாதர் புத்தகத்தை மூடினார். பிறிஜெற் பக்கத்தில் இருந்து அன்ரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அழுகை அடங்க நெடுநேரம் ஆயிற்று.

"நான் திரும்பக் கீறித் தாறன், அன்ரி. நிறமெல்லாம் எனக்குத் தெரியும்" என்றாள் பிறிஜெற்.

அன்ரி அந்தப் பாதி முகத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம், கீறு. ஆறுதலாக் கீறு" என்றார். "நான் இண்டைக்குத்தான் அவற்றை முகத்தைக் கடைசியாப் பாத்தனான்."