கன்னார் ஆதிகேசவனைக் காய்ச்சியது

1926ஆம் வருஷம் பங்குனி மூன்றாம் தேதி, பெரிய காஞ்சிபுரத்தில் செப்புக்குடம் தட்டும் கன்னார் ஆதிகேசவன் உச்சி முதல் உள்ளங்கால் வரை செம்பாகிவிட்டார். அந்த வாரம் துவரம்பருப்பு விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் பேச்சு. அவருக்கு மூச்சு இருந்தது, சோறும் இறங்கியது. கோயில் கதவுப் பித்தளைக் குமிழில் பலர் கை பட்டுப் பட்டுக் கோணல் ஓரத்தோடு சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியுமே, அவை அவர் முதுகிலும் வெயிலில் பளிச்சிட்டன. செம்பு உள்ளே கற்கண்டு போல மணிமணியாகக் கட்டியிருக்கும் என்பது கன்னார்களுக்குத் தெரிந்த விஷயம். பத்து நாள் வழக்கம்போல உட்கார்ந்து எழுந்து குடம் தட்டினார்.

சும்மா விட்டிருக்கலாம். விட்டார்களா? முழங்கை மடக்கினால் கொஞ்சம் இழுக்கிறது என்று வாய் தவறிச் சொன்னதுதான் தப்பு. வைத்தியர் வந்து மடக்கி நீட்டினார். பக்கத்து வீட்டுத் தறிக்காரர் உமாபதி, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று மரச்சுத்தியலோடு வந்தார். தட்டத் தட்ட ஆதிகேசவன் இறுகினார். இறுக இறுக இன்னும் தட்டினார்கள். அடித்தால் உள்ளே மணிகள் நசுங்கி, சிக்கு விழுந்த தறிப் பாவு நூல் மாதிரி ஒன்றை ஒன்று நகரவிடாது, செம்பு இறுகும், அதற்குமேல் வளைத்தால் முறியும், நெருப்பில் காட்டினால் புது மணி கட்டி இளகும் என்று செம்பாய் நின்ற மனுஷரே தொண்டை வறளச் சொன்னார். குடத்துக்கு அவர் தினமும் செய்கிற வேலைதான் அது. சொன்னால் கேட்கிற ஊரா இது?

சித்திரை முடியும்போது அவரால் நிற்க மட்டும்தான் முடிந்தது. முழங்காலில் மயிரிழை விரிசல். வைகாசி பன்னிரண்டில் மகள் இந்திராணிக்குக் கல்யாணம். பெண்ணைப் பெற்றவர் குனிந்து மாப்பிள்ளை பாதம் கழுவாமல் தாலி ஏறாது என்று மாகறல் சம்பந்தி ஆள் விட்டுச் சொன்னார். கயிறு கட்டி இழுத்துக் குனியவைத்துவிடலாம் என்றார் உமாபதி. இந்தத் தறிக்காரரை என்ன செய்வது?

ஆதிகேசவன் மகளைப் பார்த்தார். "உலையில வைம்மா. இன்னும் ஒரு தட்டு தட்டினா ஒடைஞ்சிடுவேன்."

பத்து வருஷம் அப்பாவுக்குத் துருத்தி ஊதினவள் அவள். கொல்லையில் அவரைப் படுக்கவைத்துச் சுற்றிலும் கரி அடுக்கினாள். பெற்ற அப்பனுக்கு உயிரோடு கொள்ளி வைக்கிறாளே என்று தெரு கூடி ஒப்பாரி வைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தாய் லோகாம்பாள் மட்டும் மெதுவாகக் கேட்டாள், உசிரு போயிடாதா என்று.

"போனா என் கையால போவட்டும்மா. இவங்க தட்டித் தட்டியே கொன்னுக்கினு இருக்காங்க."

உடம்பு செங்கல் நிறம் கண்டதும் துருத்தியை நிறுத்தினாள். இன்னும் ஊதியிருந்தால் மணி பெருத்து மனுஷர் ஒன்றுக்கும் உதவாமல் போயிருப்பார். தண்ணீர் ஊற்றி, கறுப்புப் போக லோகாம்பாள் புளி போட்டுத் துலக்கினாள். ஆதிகேசவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பழையசோறு கேட்டார்.

கல்யாணத்தில் தாராளமாகக் குனிந்து பாதம் கழுவினார். வண்டி ஏறும் முன் இந்திராணி அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். இளகியிருந்த செம்பு; பத்து விரலும் முதுகில் பதிந்துவிட்டன. இரண்டே தட்டில் சரிசெய்துவிடுகிறேன் என்று உமாபதி மறுபடியும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரையும் அதிர்ந்து பேசாத ஆதிகேசவன் அவரைத் தெருவில் தள்ளிக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் கடை திறந்தார். மார்கழிப் பனியிலும் முதுகில் துண்டு போட்டதில்லை.