தலைவரின் இடது கண்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அன்போடு அருகருகே போட்டிருந்த நாற்காலிகளை அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு மூலைக்கு இழுத்துக்கொண்டு அமர்ந்தனர். அவர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர். மறைந்த தலைவரின் மூத்த மகனுக்குப் பிறந்தவர் அண்ணன், இளைய மகனுக்குப் பிறந்தவள் தங்கை. தலைவர் மறைந்ததும் அம்மகன்கள் கட்சியை இரண்டாக்கினர். அவருடைய மூக்குக்கண்ணாடியையும் ஒடித்து ஆளுக்கொரு பாதியாகக் கொண்டுபோயினர்.

இப்போது கட்சிகள் இணையவிருந்தன. மறுநாள் மேடையில் முழுக் கண்ணாடியையும் காட்டியாக வேண்டும். தங்கைக்கு வேண்டியது தந்தை நின்று வென்ற தொகுதி. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் அண்ணன் கையில் இருந்தது.

“முதல்ல நீ உன் பாதியை எடு.”

“பெரியவங்க முதல்ல. அதானே முறை?”

“முறையைப் பத்தி சித்தப்பா பொண்ணு பேசுது. கேட்டுக்குங்க கடைக்காரரே.”

கடைக்காரர் காது கேளாதவர்போல் மேசைமேல் துணியை விரித்தார். இரண்டு பொட்டலங்களும் ஒரே நேரத்தில் அவிழ்ந்தன.

இரண்டுமே இடது பாதிகள்.

தலைவருக்கு வலக்கண்ணில் பார்வை இல்லை என்பது ஊரறிந்த செய்தி. ‘பார்க்கிற கண் எங்கள் பக்கம்’ என்றே இரு கட்சிகளும் முழங்கி வந்தன. எதிரியிடம் இருப்பது குருட்டுப் பாதி என்றே இரு வீட்டாரும் நம்பினர்.

“உங்கப்பா பண்ணின போலி,” என்றார் அண்ணன்.

“எங்கப்பா பொய் சொல்லமாட்டார்.”

“சொல்லாமலா மூணு தேர்தல் ஜெயிச்சார்?”

அவள் தன் பாதியைச் செய்தித்தாளின்மேல் பிடித்தாள். தலைவரின் கண்ணாடி வழியே பார்த்தால் எறும்பு எலியாகும் என்பார்கள். எழுத்துகள் இம்மியும் பெரிதாகவில்லை. வெறும் ஜன்னல் கண்ணாடி. கேளாமலே அண்ணனுடையதைப் பறித்துப் பிடித்தாள். அதுவும் அவ்வாறே. இரண்டுமே போலி.

“ரெண்டு அப்பாவும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சிருக்காங்க,” என்றாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. “கடைக்காரரே, இதுல ஒண்ணை வலதா மாத்த முடியுமா?”

“முடியுங்க. எதைன்னு மட்டும் சொல்லிடுங்க.”

“அவளோடதை.”

“ஏன், உங்களோடது ஆகாதா?”

“ஆகும். தொகுதியும் வேற ஆளுக்கு ஆகும்.”

அந்தப் பாதியை உறையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டுதான் அவள் தந்தை ஒவ்வொரு மேடையும் ஏறினார். அவள் அதைக் கடைக்காரர் பக்கம் நகர்த்தினாள்.

“மாத்துங்க.”

“அது பத்தாது,” என்றார் அண்ணன். “குருட்டுப் பக்கம்தான் எங்களுக்கு வந்துச்சுன்னு உன் ஆளுங்ககிட்ட நீயே சொல்லணும். இப்பவே போய்ச் சொல்லு.”

வெளியே காரருகே, தந்தை காலத்துத் தொண்டர் ஆவலோடு நின்றிருந்தார்.

“என்னம்மா, அவங்க மூஞ்சி செத்துப் போச்சா?”

“நமக்கு வந்தது வலதுதான் ஐயா.”

அவர் வேடிக்கை என்று எண்ணிச் சிரித்தார். அவள் முகம் மாறாததைக் கண்டு சிரிப்பை நிறுத்தினார்.

“இதுக்கா நான் ஜெயிலுக்குப் போனேன்?” என்றார்.

எப்போதும் முந்திக்கொண்டு கார்க் கதவைத் திறப்பவர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளே திறந்து ஏறிக்கொண்டாள்.