அகலமான பிளேடு

சூ லிங்பெய்யின் மேசைப்பந்து மட்டை உடைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. உடைந்தது என்றால் இரண்டு துண்டாகிவிடவில்லை. வலைக்குப் பக்கத்தில் குட்டையாக விழுந்த பந்தை எடுக்கப் பாய்ந்தாள். மட்டையின் விளிம்பு மேசையில் இடித்தது. தினமும் நடப்பதுதான். ஆனால் அடுத்த பந்தை அடித்தபோது ஓசை வேறாக இருந்தது. ஐந்து வருடமாகக் கேட்டுப் பழகிய ஓசைக்குப் பின்னால், தகர டப்பாவில் பட்டாணி உருள்வதுபோல ஒரு சின்ன நடுக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது.

எதிரே ஆடிக்கொண்டிருந்த ஹாவ் யுவே பந்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். இருவரும் ஒரே அறையில் தங்குபவர்கள். மூன்று வருடமாக ஒரே மேசை.

"என்னடி சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. போடு."

இடைவேளையில் கழிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு லிங்பெய் மட்டையைப் பார்த்தாள். கைப்பிடியும் முகமும் சேரும் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், சாய்வாக ஓடி ரப்பருக்கு அடியில் மறைந்தது. கட்டை விரலால் அழுத்தினால் வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது.

வேறு எந்த மாதமாக இருந்தாலும் நேரே சாமான் அறைக்குப் போய், "மாஸ்டர், பிளேடு போச்சு" என்று அங்கே பொறுப்பிலிருக்கும் பியானிடம் சொல்லியிருப்பாள். அலமாரியைத் திறந்து நாலைந்து பிளேடுகளை எடுத்துப் போடுவார். ரப்பர் ஒட்டாத வெறும் மரம். ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து விரல் கணுவால் தட்டிப் பார்த்து, மனசுக்குப் பட்டதை எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதம் அந்த அறைப் பக்கம் போகவே யாரும் விரும்பவில்லை.

காரணம் இதுதான். இலையுதிர் காலப் போட்டியில் பக்கத்து மாகாணத்தின் தடுப்பாட்டக்காரி ஒருத்தி, இந்த மாகாண முதல் அணியின் மூன்று பெண்களை வரிசையாகத் தோற்கடித்திருந்தாள். மேசையை விட்டு நாலு தப்படி பின்னால் நின்று, வருகிற பந்தையெல்லாம் கீழ்நோக்கி வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புகிறவள். வசந்தத்தில் அவளை மறுபடி சந்திக்க வேண்டும். அதற்குள் அவளைப் போலவே வெட்டி ஆட ஒருத்தி இங்கே வேண்டும், முதல் அணி பழகுவதற்கு. லிங்பெய்யும் யுவேயும் இருக்கும் இரண்டாம் அணியின் ஒன்பது பெண்களில் ஒருத்தியை மாத முடிவுக்குள் பயிற்சியாளர் யான் தேர்ந்தெடுக்க வேண்டும். யாரும் அறிவிக்கவில்லை. ஆனால் ஒரே சாப்பாட்டுக் கூடத்தில் மூன்று வேளையும் சாப்பிடுகிறவர்களிடம் எதை மறைக்க முடியும்?

தேர்ந்தெடுக்கப்படுகிறவளை வெளியே தள்ளிவிட மாட்டார்கள். சம்பளம் வரும், கட்டில் இருக்கும், சாப்பாட்டு அட்டை இருக்கும். போட்டிகளில் மட்டும் பெயர் இருக்காது. தினமும் ஆறு மணி நேரம் பின்னால் நின்று வேறொருத்தி தேறுவதற்காக வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன் ஃபு சாவ்லியன் என்பவளை அப்படி மாற்றினார்கள். அதற்கு முன் அவள் எப்படி அடித்து ஆடுவாள் என்று இப்போது கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

அவளுக்கு எப்படிச் சொன்னார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருந்தது. யான் நீளமாகப் பேசுகிற ஆள் இல்லை. "பியான்கிட்ட போய் ஒரு பிளேடு பாரு" என்றார். அவள் போனாள். பியான் மேல்தட்டிலிருந்து தடுப்பாட்டத்துக்கான பிளேடை எடுத்துக் கொடுத்தார். மற்றவற்றைவிட விரலகலம் அகலம், எடை குறைவு, மெத்தென்ற மரம். முடிந்தது.

லிங்பெய் தாக்கி ஆடுபவள்தான். ஆனால் அவளுடைய தாக்குதல் மெதுவானது. அரைத் தப்படி பின்வாங்கி, பந்து இறங்கும்வரை காத்திருந்து, அதைத் தேய்த்துச் சுழற்றி அனுப்புவாள். பதினைந்து, இருபது தடவை போய் வந்த பிறகுதான் ஒரு புள்ளி. "உனக்குப் பொறுமை ஜாஸ்தி" என்று யான் இரண்டு முறை சொல்லியிருந்தார். முன்பெல்லாம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த மாதம் அந்த வாக்கியம் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. இப்படியொருத்தி தானாகவே சாமான் அறைக்குப் போய்ப் பிளேடு இல்லை என்று நின்றால் யானுக்கு வேலை மிச்சம்.

மதியம் அறையில் யுவே கட்டிலுக்கு அடியிலிருந்து 502 என்ற உடனடிப் பசையை எடுத்தாள். ரப்பரின் ஓரத்தை லிங்பெய் உரித்துப் பிடிக்க, விரிசலுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"இது தாங்காதுடி."

"மாசக் கடைசி வரைக்கும் தாங்கினா போதும். யார்கிட்டயும் சொல்லிடாத."

"நான் ஏன் சொல்றேன். ஒம்போது பேருல ஒருத்தி தானா போய் மாட்டிக்கிட்டா எனக்கு லாபந்தான், இருந்தாலும் சொல்ல மாட்டேன்." யுவே சிரித்தாள். "அசையாம பிடி. என் விரல் ஒட்டிக்கிச்சுன்னா ரெண்டு பேரும் ஒண்ணா ஆட வேண்டியதுதான்."

ஒட்டிய மட்டையைக் கட்டில் காலுக்கு அடியில் கொடுத்து, இருவரும் கட்டில்மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள்.

புதன்கிழமை அந்த நடுக்கம் குறைந்திருந்தது, போய்விடவில்லை. மெதுவாகத் தேய்த்தால் மட்டை பந்தைப் பிடிக்காமல் நழுவவிட்டது, நழுவும்போது முனகியது. வேகமாக, தட்டையாக, பந்து எழும்பும்போதே அடித்தால் அடியின் ஓசை முனகலை மூடிவிட்டது. லிங்பெய் மேசையோடு ஒட்டி நின்று அடிக்க ஆரம்பித்தாள். அதுவும் போதாது என்று அடிக்கும்போதெல்லாம் வலது காலை ஓங்கித் தரையில் மிதித்தாள்.

பக்கத்து மேசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "லிங்பெய், தரை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"கீழ் வீட்டுக்காரன் வாடகை தரலயாம்," என்றாள் இன்னொருத்தி.

யான் வரிசைகளுக்கு நடுவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். ரப்பர் அடி வைத்த துணிச் செருப்பு, வருவது கேட்காது. முதுகில் குளிர்காற்று படுவதுபோல உணர்ந்து லிங்பெய் ஓரக்கண்ணால் பார்த்தபோது இரண்டு தப்படி தூரத்தில் நின்றார். தேய்த்து ஆட வேண்டிய பந்து ஒன்று வந்தது. தேய்த்தால் கேட்டுவிடும். காலை மிதித்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு அடித்தாள். பந்து யுவேயின் தோளைத் தாண்டிப் போய்ச் சுவரில் பட்டது.

"யாரைக் கொல்லப் போற?" என்றார் யான்.

"யாரையும் இல்ல, கோச்."

அவர் நகர்ந்து போனார்.

நாட்கள் அப்படியே போயின. காலையில் எழுந்ததும் முதலில் விரிசலைப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை அது அரிசி நீளம் வளர்ந்திருந்தது. யாராவது விளையாட்டாக "உன் மட்டையைக் குடு, பாக்கறேன்" என்றால் வியர்த்தது. சாப்பாட்டுக் கூடத்தில்கூட மட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தினைக்கஞ்சியைக் குடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் மட்டை கையோடு கழன்று பறப்பதுபோலத் தோன்றும். அந்தப் பயத்தில் இன்னும் சீக்கிரம், இன்னும் வேகமாக அடிப்பாள். முன்பு இருபது தடவை போய் வந்த பந்து இப்போது மூன்றாவதிலேயே முடிந்தது.

எதிரே யுவே என்ன செய்வாள்? மேசை அருகே நின்றால் அந்த வேகத்துக்குக் கை வராது. ஒரு தப்படி பின்னால் போனாள். பிறகு இரண்டு, மூன்று. அங்கிருந்து எட்டி எட்டி, விழுகிற பந்தைக் கீழே வெட்டி எடுத்துத் திருப்பினாள். அவளுக்குக் கை நீளம். பத்துக்கு ஏழு திரும்பி வந்தது.

திங்கட்கிழமை காலை லிங்பெய் தலை நிமிர்ந்தபோது யான் தூணருகே நின்றிருந்தார். அவர் பார்வை லிங்பெய்மேல் இல்லை. யுவேயின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லிங்பெய்க்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது.

யுவேக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மதியம் முட்டைக்கோஸும் பன்றிக்கறியும் வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தவள், "ஏன்டி என்னை இப்படி ஓட வைக்கற?" என்றாள். "கொஞ்சம் மெதுவா போடு. ஒரு தடவையாவது மேசைகிட்ட வந்து நானும் அடிக்கறேன். அந்த ஆளு பாக்கறாரு."

"சரி," என்றாள் லிங்பெய்.

மெய்யாகவே அப்படித்தான் நினைத்தாள். மாலைப் பயிற்சியில் முதல் பந்தைத் தேய்த்தாள். மட்டை முனகியது. யானின் தலை அந்தப் பக்கம் திரும்பியதா, அல்லது அப்படித் தோன்றியதா, அவளுக்குத் தெரியாது. இரண்டாவது பந்தைக் காலை மிதித்து அடித்தாள். யுவே பின்னால் ஓடினாள். அதற்குப் பிறகு பயிற்சி முடியும்வரை லிங்பெய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை, ஒன்பதாம் நாள், யான் அவர்கள் மேசைக்கு வந்தார்.

"யுவே, பியான்கிட்ட போய் ஒரு பிளேடு பாரு."

பக்கத்து மேசைகளில் பந்து நின்றது. யுவே மட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தாள். அவசியத்துக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு நடந்தாள். தன் மூச்சு ஒழுங்காக வருவதை லிங்பெய் உணர்ந்தாள். ஒன்பது நாளில் முதல் முறையாக. அதற்காக வெட்கப்படுவதற்குள் யான் அவள் பக்கம் திரும்பினார்.

"நீயும் வா. உன் ஆட்டம் மாறிப்போச்சு. அந்தப் பழைய பிளேடு இதுக்குப் பத்தாது."

சாமான் அறையில் சூடேற்றும் குழாய்கள் கொதித்துக்கொண்டிருந்தன. யுவே ஜன்னலோரம் நின்றிருந்தாள். கையில் அந்த அகலமான பிளேடு. பியான் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"மட்டையைக் குடும்மா. ரப்பரை உரிச்சுப் புதுசுல ஒட்டிடறேன்."

"வேணாம் மாஸ்டர். புது ரப்பரே போட்டுக்கறேன்."

"ரெண்டு வாரம் முன்னாடி போட்ட ரப்பர். அதுக்குள்ள என்ன?"

யான் அவளைப் பார்த்தார். அவள் கொடுத்தாள். பியானின் நகம் ரப்பரின் ஓரத்தைத் தூக்கியது. சரசரவென்று உரிந்து வந்தது. கழுத்திலிருந்து முகத்தின் பாதிவரை ஓடிய விரிசலும், அதன் இரு கரையிலும் வெள்ளையாகக் காய்ந்துபோன பசையும் வெளிச்சத்துக்கு வந்தன. பியான் அதை மேசைமேல் வைத்தார்.

"எத்தனை நாளா?" என்றார் யான்.

"ஒம்போது நாள்."

"யுவே, எதிர்ல நின்னவ நீ. உனக்குக் கேக்கலயா?"

"கேட்டுது, கோச். முதல் நாளே."

"ஏன் சொல்லல?"

"அவ சொல்லாதன்னு சொன்னா." யுவேயின் குரலில் கோபம் இல்லை, அது லிங்பெய்க்கு இன்னும் பயமாக இருந்தது. "பசை என்னோடதுதான்."

யான் விரிசல் விழுந்த பிளேடை எடுத்துக் காதோரம் தட்டினார். மறுபடி தட்டினார். ஒன்பது நாள் ஆட்டத்தையும் அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது: மிதித்த கால், எழும்பும்போதே அடித்த பந்து, பின்னால் ஓடிய யுவே.

"ஆக, இது உன் ஆட்டம் இல்ல."

அவர் பிளேடைக் கீழே வைத்தார்.

"முதல் அணியில வெட்டறதுக்கு ரெண்டு பேர் வேணும்னு கேட்டாங்க. ஒருத்தி போதும்னு நான்தான் சொல்லியிருந்தேன்." அவர் பியானிடம் திரும்பினார். "மூணு எடுத்துப் போடுங்க."

பியான் மூன்று பிளேடுகளை வரிசையாக வைத்தார். முதலாவது ஐந்து அடுக்கு மரம், அவளுடைய பழையதற்கு அக்கா தங்கை போல. இரண்டாவது ஏழு அடுக்கு. மூன்றாவது மரத்துக்கு நடுவே கருப்பாகக் கார்பன் ஓடியது. எல்லாவற்றையும்விட இறுக்கம், வேகம். யுவேயிடம், "நீ போகலாம்" என்று யாரும் சொல்லவில்லை. அவளும் போகவில்லை.

லிங்பெய் முதலாவதைத் தட்டினாள். அந்த ஓசை அவளுக்கு எலும்புவரை தெரியும். இதை எடுத்தால் நாளையே பந்து பழையபடி சுழலும், அவளும் அரைத் தப்படி பின்வாங்குவாள், பொறுமை ஜாஸ்தி என்பார் யான், அகலமான பிளேடு இன்னொன்று வரும். மூன்றாவதைத் தட்டினாள். கண்ணாடியைத் தட்டியதுபோல உயரமாக ஒலித்தது. பந்து ஒரு நொடிகூட அதில் தங்காது. இதை எடுத்தால் ஒன்பது நாள் பயத்தில் ஆடிய ஆட்டத்தைப் பயம் இல்லாமலும் ஆட வேண்டும், வருடக்கணக்கில்.

யானின் முகத்திலிருந்து எதுவும் படிக்க முடியவில்லை. அவள் மூன்றாவதை எடுத்தாள்.

"தொண்ணூத்தொரு கிராம்," என்றார் பியான். "முதல் வாரம் மணிக்கட்டு கடுக்கும்."

"காலையில யுவே வெட்டுவா, நீ அடி," என்றார் யான். "ஒரு மாசம் பாக்கறேன்."

மறுநாள் யுவே நாலு தப்படி பின்னால் போய் நின்றாள். அகலமான பிளேடில் புது ரப்பர் மின்னியது. முதல் வெட்டு தாழ்வாக, கனமாக மிதந்து வந்தது. லிங்பெய் அடித்தாள். பந்து மேசையைத் தொடாமலேயே பறந்தது. இரண்டாவதும். மூன்றாவது வலையில் விழுந்தது. யான் அடுத்த வரிசையில், முதுகு காட்டி நின்றார். ஒளித்துவைக்க இப்போது மட்டையில் எதுவும் இல்லை.

யுவே பந்தைப் பொறுக்க முன்னால் வந்தாள். குனிந்தபடியே, உதடு அசையாமல் பேசினாள்.

"தேய்க்காத. அது உன் பழைய கை. ஒட்டி வந்து நேரா அடி."

"யுவே, நான் வேணும்னு..."

"பேசாதடி. உனக்காகச் சொல்லல." அவள் நிமிர்ந்தாள். "நீயும் இந்தப் பக்கம் வந்துட்டா, நான் வெட்டறதை அடிக்க யார் இருப்பா?"

திரும்பி நடந்து, தன் இடத்துக்குப் போய் நின்று பந்தைப் போட்டாள். லிங்பெய் மேசையை நோக்கி அரைத் தப்படி முன்னால் வந்தாள்.