விதிக்குக் கால்ஷீட் கிடையாது

நான் எழுதிய நாவலில் ஒரு பேய் இருந்தது. அதைப் படமாக எடுக்க வந்தவர்கள் முதல் வேலையாகப் பேயைத் தூக்கிவிட்டார்கள்.

“பேய் இப்ப ஓடாது சார். த்ரில்லர்தான் ஓடுது,” என்றார் டைரக்டர் வளவன். அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. “உங்க கதையில எல்லாம் இருக்கு. சூளை, புகைபோக்கி, வரிசையா மூணு சாவு. பேயை மட்டும் எடுத்துட்டா பிரமாதமா வரும்.”

சாம்பாரில் பருப்பை மட்டும் எடுத்துவிடலாம் என்பதுபோல இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன். மாத நாவல்கள் இருபத்தெட்டு எழுதியவனைத் தேடி சினிமா இன்னொரு முறை வரப்போவதில்லை. அது 2006. எனக்கும் ஐம்பத்தொன்று ஆகியிருந்தது.

விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் யூனிட்டில் நான் சூப்பர்வைசர். பெயர் பாலகிருஷ்ணன். எழுத்தாளராக என் பெயர் நீலாவதி. அது என் மனைவியின் பெயர். பேய்க்கதையைப் பெண் பெயரில் போட்டால் நன்றாகப் போகும் என்று பதிப்பாளர் சொன்னார், போட்டேன். வாசகர் கடிதமெல்லாம் அவள் பெயருக்கே வரும். நாமக்கல்லிலிருந்து ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயார் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள், சண்டை வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு.

‘சூளைக்குள் சிரித்தவள்’ என்பது நாவலின் பெயர். சூளையில் வேலை செய்யும் ஒரு பெண் மேல் பொம்மைத் தட்டுகள் சரிந்து விழுகின்றன. செத்துப்போகிறவள் பேயாக வந்து, சிரித்துச் சிரித்து மூன்று பேரைக் கொல்கிறாள். தட்டுகள் ஏன் சரிந்தன? விதி என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நான் பேய்க்குப் போய்விட்டேன். வாசகர்கள் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. வளவன் கேட்டார்.

“அந்தப் பொண்ணு சாவுக்கு யாரு சார் காரணம்?”

“விதிங்க.”

“விதிக்குக் கால்ஷீட் வாங்க முடியாது சார். ஒரு ஆளைச் சொல்லுங்க.”

படப்பிடிப்பு எங்கள் யூனிட்டிலேயே நடந்தது. முதலாளி தங்கராசு வாடகை எதுவும் கேட்கவில்லை. டாக்டர் வேஷம் மட்டும் கேட்டார். நாவலை அவர் படித்ததில்லை, கரண்ட் பில்லைத் தவிர எதையும் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. காலையிலேயே வெள்ளைக் கோட்டு போட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டாருக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே எல்லோருமாகக் கொலைகாரனைத் தேடினோம். முதலாளியாக இருக்கலாம் என்று ஒருவர் ஆரம்பித்தார். “லொக்கேஷன் போயிடும்,” என்று வளவன் அவர் காதில் சொன்னார். புருஷன் என்றால் பழைய கதை. கடைசியில் வளவன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சூப்பர்வைசர். கண்ணாடி போட்ட சாது. அதிர்ந்து பேச மாட்டான். அவன் மேல யாருக்கு சார் சந்தேகம் வரும்?”

எல்லோரும் என் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தச் சாவு என் கற்பனை இல்லை. 1994இல் எங்கள் யூனிட்டில் பெரியநாயகி என்ற பெண் அப்படித்தான் செத்துப்போனாள். நவராத்திரிக்குக் கொலு பொம்மை ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. பொம்மைத் தட்டுகளைச் சூளைக்குள் தள்ளுகிற வண்டியில் வழக்கத்தைவிட மூன்று வரிசை கூடுதலாக அடுக்கச் சொன்னார் தங்கராசு. அதை அப்படியே ஆட்களிடம் சொன்னவன் நான். சொல்லிவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போய், வைக்கோல் கட்டு மேல் உட்கார்ந்து, அந்த மாத நாவலுக்கு ஒன்பதாம் அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் தங்கராசு, விபத்து பற்றி ஒரு வாக்குமூலம் எழுதியிருந்த காகிதத்தை நீட்டினார். அதைப் பார்த்து என் கையெழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். அவளுடைய அலட்சியம்தான் காரணம் என்று முடிவானது. அடுத்த வருஷம் நாவல் எழுதினேன். அதில் பேய் ஒரு முதலாளியைக் கொல்லும், ஒரு கணக்குப்பிள்ளையைக் கொல்லும், ஒரு லாரி டிரைவரைக்கூடக் கொல்லும். சூப்பர்வைசரை மட்டும் தொடாது. எழுதியது நான்தானே.

பெரியநாயகிக்கு அப்போது பன்னிரண்டு வயதில் ஒரு பெண் இருந்தாள், இளமதி. இப்போது எங்கள் யூனிட்டிலேயே பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள். பொம்மைகளை உடைக்காமல் எடுத்துவைக்க ஆள் வேண்டும் என்று படக்காரர்கள் அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சூப்பர்வைசராக நடிக்க பம்பாயிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மூன்றாம் நாள், அவர் விபத்து பற்றிப் பொய் வாக்குமூலம் எழுதுகிற காட்சி. மனிதருக்குத் தமிழ் எழுதத் தெரியாது.

“சார், உங்க கை வேணும்,” என்றார் வளவன். “குளோசப்.”

என்னில் ஏதோ ஒரு பாகமாவது சினிமாவில் வருகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த நடிகரின் வாட்சைக் கழற்றி எனக்குக் கட்டினார்கள். மேஜையில் காகிதமும் பேனாவும் வைத்தார்கள்.

“என்னா எழுதறதுங்க?”

“எதையாவது எழுதுங்க சார். தப்பு அவ மேலதான்னு வந்தா போதும்.”

ஆக்‌ஷன் என்றார்கள். எழுதினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ‘மேற்படி பெரியநாயகி யாரிடமும் சொல்லாமல் சூளை வண்டியின் மேல் ஏறியதால், அவருடைய அலட்சியத்தாலேயே அடுக்கு சரிந்து இறந்துபோனார்.’ கீழே என் கையெழுத்தைப் போட்ட பிறகுதான், படத்தில் அந்தப் பெண்ணுக்கு வேறு பெயர் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது.

“கட். சும்மா மனப்பாடமா எழுதற மாதிரியே இருக்கு சார், அருமை,” என்றார் வளவன். “இன்னொண்ணு போயிடலாம்.”

எழுதிய காகிதத்தை எடுத்துவிட்டுப் புதுக் காகிதம் வைப்பது இளமதியின் வேலை. அவள் எடுத்தாள். நின்று படித்தாள். புதுக் காகிதத்தை மேஜையில் சரியாக வைத்தாள்.

“ஒரு வரி வுட்டுட்டீங்க சார்,” என்றாள்.

“எந்த வரி?”

“கையெழுத்துக்கு மேல ‘இதை நான் நேரில் கண்டேன்’னு இருக்கும். கேஸ் முடிஞ்சப்ப குடுத்த நகலு எங்க வூட்ல இருக்குது. அப்பா பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்காங்க. பன்னெண்டு வருசமா படிச்சிக்கிட்டிருக்கேன்.”

வளவனுக்குப் பாம்புக் காது, ஆனால் அதில் வசனம் மட்டும்தான் விழும். “நல்ல வரிம்மா. சார், அதையும் சேத்துக்குங்க,” என்றார். கேமரா பக்கம் போனார்.

இளமதி குரலைத் தாழ்த்தினாள். “ஏறக்கூடாத எடத்துல ஏறிச் செத்தாளேன்னு எங்கப்பா இன்னமும் அம்மாவத் திட்டறாங்க சார். கும்பிடும்போதுகூடத் திட்டிட்டுத்தான் கும்பிடறாங்க. நீங்க நேர்ல பாத்தீங்களா?”

வெட்கமாக இருந்தது. அதற்குள் யாரோ என் முன்னால் கிளாப் பலகையை நீட்டினார்கள்.

இந்த முறை எழுத நேரம் பிடித்தது. ‘அடுக்கு சரிந்தபோது நான் அங்கே இல்லை. ஸ்டோர் ரூமில் கதை எழுதிக்கொண்டிருந்தேன். நேரில் காணவில்லை. மூன்று வரிசை கூடுதலாக ஏற்றச் சொன்னது முதலாளி. அதை ஆட்களிடம் சொன்னது நான். பெரியநாயகி மேல் தவறு இருந்ததாக எனக்குத் தெரியாது.’ கீழே நீலாவதி என்று கையெழுத்துப் போட்டேன். பழக்கதோஷம் என்று சொல்லிக்கொள்ளலாம். பயம் என்பதுதான் சரி.

“கட். ஓகே,” என்றார் வளவன். “நிறுத்தி நிறுத்தி எழுதினீங்க பாருங்க, அங்கதான் சார் நிக்கிறீங்க.”

என்ன எழுதினேன் என்று அவர் பார்க்கவில்லை. திரையில் இரண்டு செகண்டு வரும், அதற்குள் யார் படிக்கப்போகிறார்கள்? உதவி டைரக்டர் காகிதத்தைக் கேட்டார். இளமதி கொடுக்கவில்லை. முழுக்கப் படித்தாள். பிறகு மேஜைக்கு வந்து, காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

“இது நீலாவதி அக்கா பேரு சார். உங்க பேரப் போடுங்க. இன்னிக்கித் தேதியும் போட்டுக் குடுங்க.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தங்கராசு எழுந்தார். ஸ்டெதஸ்கோப்பு இன்னும் கழுத்தில்தான் இருந்தது. “என்னா பாலு, ஷாட்டுதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்னா எழுதற?” என்று கேட்டுக்கொண்டே எங்களை நோக்கி வந்தார்.

இருபத்தெட்டு நாவலிலும் நான் இவ்வளவு பயந்த கட்டம் கிடையாது. படக்காரர்களின் பேனாவை அதற்குள் எடுத்துப்போய்விட்டார்கள். என் சட்டைப் பையில் நாவல் எழுதுகிற பேனா இருந்தது. நீலாவதியை அடித்துவிட்டு, பாலகிருஷ்ணன், சூப்பர்வைசர் என்று எழுதினேன். அதற்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டேன்.

இளமதி காகிதத்தைக் கையில் எடுத்து, பொம்மைக்குக் கண் எழுதிவிட்டு ஊதுகிற மாதிரி, மை காயும்வரை ஊதினாள்.