நாலு பிளஸ்

ஆய்வுக்கூடத்தின் ஜன்னலைக் காலை எட்டு மணிக்குத் திறப்பது லேப் அக்காவின் வேலை. பதினெட்டு வருடமாக அந்த மருத்துவமனையில் ரத்தமும் சிறுநீரும் சோதித்து வந்ததில், பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். வீட்டில் கணவர்கூட ஒருமுறை வாய் தவறி "லேப் அக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, ரெண்டு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை ஜன்னலைத் திறந்தபோது வெளித்திட்டின் மேல் ஒரு சிறுநீர் பாட்டில் இருந்தது. தாழ்வாரக் கதவின் பூட்டைச் சற்று முன் அவளேதான் திறந்திருந்தாள். அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லை. அது கண்ணாடி பாட்டில். அங்கே பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஒட்டியிருந்த சீட்டில் பெயரும் இல்லை, வார்டு எண்ணும் இல்லை. கையில் எடுத்தாள். அப்போதுதான் பிடித்துக் கொடுத்ததுபோல் இளஞ்சூடாக இருந்தது.

பெயரில்லாத மாதிரியைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. கொட்டத்தான் போனாள். ஆனால் பாட்டிலுக்குள் எழுந்த நுரை அடங்காமல் அப்படியே நின்றது. மனசு கேட்கவில்லை. சோதனைப் பட்டையை முக்கினாள். புரதத்தைக் காட்டும் மஞ்சள் கட்டம் கண்ணெதிரே கரும்பச்சையானது. நாலு பிளஸ். அதற்கு மேல் அந்தப் பட்டையில் அளவே கிடையாது. சந்தேகத்துக்குக் கொஞ்சம் குழாயில் ஊற்றிச் சுடரில் காட்டினாள். வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோல் மொத்தமும் உறைந்துபோனது.

"எந்த வார்டுலயாவது பேர் எழுதாம குடுத்தீங்களா?" என்று எல்லா வார்டுக்கும் போன் போட்டாள். யாரும் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே இடத்தில், அதே மாதிரி பாட்டில், அதே சூடு. இந்த முறை சீட்டில் பென்சிலால் இரண்டே வார்த்தை எழுதியிருந்தது. "எட்டு மாசம்."

லேப் அக்கா பட்டையை முக்கினாள். மறுபடி நாலு பிளஸ். பாட்டிலோடு ஓட்டமும் நடையுமாகப் பிரசவ வார்டு டாக்டரம்மாவிடம் போனாள்.

டாக்டரம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "விளையாட்டு இல்லக்கா இது. எட்டு மாசத்துல இவ்ளோ புரதம் ஒழுகுதுன்னா கிட்னியோட சல்லடை கிழிஞ்ச மாதிரி. நஞ்சுக்கொடியில இருந்து வர்ற ஏதோ ஒண்ணு ரத்தத்துல கலந்து கிட்னியைக் கெடுக்குது. கிட்னி கெட்டா பிரஷர் ஏறும், பிரஷர் ஏறுனா கிட்னி இன்னும் கெடும். திடீர்னு வலிப்பு வந்துட்டா ரெண்டு உசுருக்கும் ஆபத்து. யாருன்னு கண்டுபிடிங்க."

வார்டில் இருந்த பதினோரு கர்ப்பிணிகளுக்கும், அன்று சோதனைக்கு வந்த அத்தனை பேருக்கும் மறுபடி பார்த்தார்கள். ஒருத்திக்கும் நாலு பிளஸ் இல்லை.

புதன்கிழமை லேப் அக்கா ஏழேகாலுக்கே வந்துவிட்டாள். ஜன்னலைத் திறந்து வைத்து, நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் தாழ்வாரத்தின் பாதிவரை விழுந்திருந்தது. திட்டு காலியாக இருந்தது. அரை மணி நேரம் இமைக்காத குறையாகப் பார்த்தாள். உள்ளே குளிர்பெட்டி கடகடவென்று அதிர்ந்தது. ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். மறுபடி முகத்தைத் திருப்பியபோது பாட்டில் இருந்தது.

அவள் எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடினாள். 

தாழ்வாரத்தின் கோடியில் துடைப்பத்தோடு நின்றிருந்தான் துப்புரவு வேலை செய்பவன். வாய் ஓயாததால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அன்று ரேடியோ நின்றுபோயிருந்தது.

"யாராவது இங்க வந்தாங்களா? பாத்தியா?"

"பாத்தேன்கா." குரல் உள்ளே போயிருந்தது. "ஒரு அம்மா. முகமெல்லாம் உப்பிப்போயி, கண்ணு ரெண்டும் கோடு மாதிரி இருந்துச்சு. பாட்டிலை வச்சிட்டு அப்படியே தையல் ரூமுக்குள்ள போனாங்க. நான் குட் மார்னிங் சொன்னேன். அவங்க நடக்கறப்ப சத்தமே வரலக்கா."

பாட்டிலைக் குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு லேப் அக்கா தையல் அறைக்குப் போனாள். கிழிந்த படுக்கை விரிப்புகளும் அறுவை சிகிச்சைத் துணிகளும் தைக்கும் சின்ன அறை அது. ஒரே ஒரு வாசல். உள்ளே தையல்காரி மட்டும் இயந்திரத்தின் முன்னால், வயிறு இடிக்காமலிருக்க நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒல்லி முகம். உப்பல் எதுவும் இல்லை.

"இங்க யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"இல்லியேக்கா. வந்ததுல இருந்து நான் ஒருத்திதான். ஏன், என்ன ஆச்சு, பேயைப் பாத்த மாதிரி நிக்கறீங்க?" என்று சிரித்தாள்.

லேப் அக்கா சிரிக்கவில்லை. தையல்காரியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு வார்களுக்கு இருபுறமும் சதை பிதுங்கி வழிந்தது. கையில் ஊசியும் நூலும் இருந்தன. நூல் கோக்கப்படாமல் மடியில் கிடந்தது.

"ஊசிக் காது தெரியலியா?"

"ரெண்டு நாளா ரெண்டு ரெண்டா தெரியுது. ஓரத்துல மினுக் மினுக்குங்குது. தலைவலி வேற. தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்."

"எட்டு மாசமா?"

"ஆமா."

"கடைசியா எப்ப செக்கப்புக்குப் போன?"

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆறு வாரம் இருக்கும். இதோ நாலடியில தானே டாக்டரம்மா இருக்காங்க, எப்ப வேணா போய்க்கலாம்னு விட்டுட்டேன்."

பத்தாவது நிமிடம் அவள் பிரசவ வார்டுக் கட்டிலில் இருந்தாள். ரத்த அழுத்தம் நூற்றி எழுபத்தெட்டு, கீழே நூற்றிப் பதினாலு. சிறுநீரை லேப் அக்கா தன் கையாலேயே வாங்கிச் சோதித்தாள். நாலு பிளஸ்.

"மூணு நாளா நீதான் ஜன்னல்ல வச்சியா?"

"சத்தியமா இல்லக்கா. இப்பதான் முதல் தடவை குடுக்கறேன்."

வலிப்பைத் தடுக்கும் ஊசி போட்டார்கள், அழுத்தத்துக்கும் மருந்து ஏற்றினார்கள். அன்று பகல் ஒரு மணிக்குள் வயிற்றைத் திறந்து குழந்தையை எடுத்தார்கள். பெண். உள்ளங்கை இரண்டிலும் அடங்கிவிடும் அளவு, ஆனால் அழுகை மட்டும் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரியின் கணவன், லேப் அக்காவைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினான். "இவளோட அம்மா இவளைப் பெத்தது இதே ஆஸ்பத்திரியிலதான்கா. பெத்ததும் வலிப்பு வந்து போயிட்டாங்க. முகமெல்லாம் வீங்கி, சொந்த அக்காவுக்கே அடையாளம் தெரியலியாம். அந்த பயத்துலயே இவ டாக்டர்னா ஒதுங்குவா. நான்தான் இழுத்துட்டு வந்திருக்கணும்."

லேப் அக்கா அவன் தோளைத் தட்டிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். காலையில் வைத்த பாட்டில் இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஈரம்கூட இல்லை. பல வருடம் பரணில் கிடந்ததுபோல் அடியில் தூசி படிந்திருந்தது. மற்ற இரண்டு பாட்டில்களை அவள் அந்தந்த நாளே கழுவிக் கவிழ்த்திருந்தாள். கவிழ்த்த இடத்தில் அவை இல்லை.

அதைப்பற்றி டாக்டரம்மாவிடம் அவள் சொல்லவில்லை. ரேடியோவும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அடக்கிவைத்த ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

தாய் தேறினாள். அழுத்தம் இறங்கியது, கண் தெளிந்தது. வாரத்துக்கு ஒருமுறை வந்த சிறுநீர் மாதிரியில் நாலு பிளஸ் மூன்றானது, இரண்டானது. அங்கேயே நின்றுவிட்டது. மூன்று மாதம் கழிந்தும் இறங்கவில்லை.

சிறுநீரக டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, கர்ப்பம் இந்த நோயைப் புதிதாகக் கொண்டுவரவில்லை, ஏற்கனவே உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பிவிட்டிருக்கிறது என்றார். சல்லடையில் பழைய தழும்புகள் இருந்தன. பரம்பரையில் வருவதாக இருக்கலாம், மாத்திரையும் கவனிப்பும் இருந்தால் பல வருடம் தாங்கும், குழந்தைக்கும் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

தையல்காரி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை மடியில் மாற்றிப் போட்டாள்.

"இவளுக்கு எப்ப இருந்துக்கா பாக்கணும்?"

"நடக்க ஆரம்பிக்கட்டும்," என்றாள் லேப் அக்கா. "நானே பாக்கறேன். நீ மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடாத, சொல்லிட்டேன்."

"விடமாட்டேன்," என்றாள் தையல்காரி.